மக்களா, மாதிரிகளா?

‘சமுதாயம்’ என்னுஞ் சொல்லுக்கு நமது ஆராய்ச்சி உலகிலே இன்று பெருமதிப்பு ஏற்பட்டுள்ளது. ஆய்வுத் திட்டம் எதுவாயினும் அதன் தலைப்பிலே இச்சொல் இடம்பெறுதல் நன்று. இடம்பெறின் நிதி கிடைத்தல் எளிது. மகாநாட்டு மேடையிலும் மதிப்புண்டு. சுகாதாரத் துறையிலோ இச்சொல் ஒரு மந்திரமாகவே மாறிவிட்டது. சமுதாயஞ்சார் சுகாதார ஆய்வு என்று பெயர் சூட்டப்பெற்ற முயற்சிகள் ஆண்டுதோறும் பெருகிவருகின்றன. ஆயினும், அவ்வாய்வுகளினால் அந்தச் சமுதாயம் பெற்ற பயன் யாது என்று கேட்போர் மிகச் சிலரே. அதனைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கிராமத்துக்குச் சென்று, அங்குள்ளோரின் குருதியையும் சிறுநீரையும் கிணற்று நீரையும் போத்தல்களில் அடைத்து, வினாக்கொத்தின் கட்டங்களை நிரப்பிக்கொண்டு திரும்பிவிடுவதனால் மட்டும் ஓர் ஆய்வு சமுதாய ஆய்வாகிவிடாது. அது கிராமத்தில் நடைபெற்ற ஆய்வு, கிராமத்தின் ஆய்வன்று. இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அறிய மூன்று வினாக்கள் போதும். ஆராயப்படும் வினா யாருடையது? கிடைத்த விடை யாரிடம் போய்ச் சேர்கிறது? வினாவுக்கும் விடைக்கும் இடைப்பட்ட காலத்தில் நோயாளியின் நிலை என்ன? இம்மூன்றுக்கும் தக்க மறுமொழி கூறவியலாத ஆய்வு எத்துணை நுட்பமானதாயினும், மக்களை மாதிரிகளாகவே கொண்ட ஆய்வாகும் என்பது எமது வாதம்.

வினா யாருடையது?

இவ்வினாவை ஆராய்வதற்கு நமது நாட்டிலேயே தக்க சான்றுண்டு. 1990களில் வட மத்திய மாகாணத்து விவசாயக் கிராமங்களிலே ஒருவகைச் சிறுநீரக நோய் பரவலாகக் காணப்பட்டது. நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாதவர்களின் சிறுநீரகங்களும் மெல்ல மெல்லச் செயலிழந்தன. நோய் முற்றும்வரை அறிகுறிகள் பெரிதாகத் தோன்றுவதில்லை. தோன்றும்போது காலம் கடந்துவிடுகிறது. மதவாச்சி, பதவியா முதலிய பகுதிகளின் பெயர்கள் மருத்துவ ஏடுகளில் இடம்பெறலாயின. அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களோடு இந்நோய் நின்றுவிடவில்லை. ஊவாவின் சில பகுதிகளிலும், வவுனியா மாவட்டத்திலும் காணப்பட்டது. சிங்கள விவசாயி, தமிழ் விவசாயி என்ற பேதம் இந்நோய்க்கில்லை. வயலில் உழைப்பவன் என்ற ஒரே அடையாளமே அதற்குப் போதுமானதாக இருந்தது. ‘காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்’ என்பது அதற்கு வழங்கப்பட்ட பெயர்.

காரணந் தேடி ஆய்வாளர் பலர் சென்றனர். கட்மியம் என்றனர் சிலர். ஆசனிக்கு என்றனர் வேறு சிலர். நீரிலுள்ள புளோரைட்டு, நீரின் வன்மை, பீடைகொல்லிகள், நீர்ப்பாசியின் நச்சு, வெயிலில் உழைப்பதனால் உண்டாகும் நீரிழப்பு எனப் பட்டியல் நீண்டது. இவை ஒவ்வொன்றும் ஆராயப்படவேண்டியவையே. காரணத்தை அறிதல் வேண்டாமென எவருங் கூறார். ஆயின், காரணத்தைத் தேடுபவரின் வினா ஒன்றாகவும், நோயோடு வாழ்பவரின் வினா வேறொன்றாகவும் இருந்தமையை நாம் கவனித்தல் வேண்டும். இந்தக் கிணற்று நீரை என் பிள்ளை குடிக்கலாமா? வயல் வேலையை நான் தொடரலாமா? நோயுள்ள குடும்பம் என்பதற்காக என் மகளைப் பெண் கேட்க வருவோர் பின்வாங்கினால் என்ன செய்வது? வாரத்தில் இரண்டு மூன்று தடவை குருதிச் சுத்திகரிப்புக்காக நகரத்து வைத்தியசாலைக்குப் போய்வரப் பணத்துக்கு எங்கே போவது? இவையும் ஆய்வுக்குரிய வினாக்களே. ஆனால், இவற்றுக்கு ஆய்வுகூடத்தில் கருவியில்லை. ஆதலின் இவை ‘விஞ்ஞான’ வினாக்களல்ல என ஒதுக்கப்பட்டன.

சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2013இல் வெளியாகின. ஆராயப்பட்ட பகுதிகளில் இந்நோய் ஆண்களில் 12.9 விழுக்காட்டினரையும் பெண்களில் 16.9 விழுக்காட்டினரையும் பற்றியிருந்தது. ஆனால் நோயின் முற்றிய கட்டங்களிலோ நிலைமை தலைகீழானது. நோயுற்ற ஆண்களுள் 22.0 விழுக்காட்டினர் நான்காம் கட்டத்தில் இருந்தனர். பெண்களுள் அவ்வாறிருந்தோர் 7.3 விழுக்காட்டினரே. இவ்விலக்கங்கள் உடனே ஒரு வினாவை எழுப்புகின்றன. பெண்களை அதிகமாகப் பற்றும் நோய் ஆண்களை அதிகமாக அழிப்பது ஏன்? இதற்கான விடையின் ஒரு பகுதி உடற்கூற்றில் இருக்கக்கூடும். மறுபகுதி வாழ்க்கையில் இருத்தல் சாலும்: வயலில் எவர் எத்தனை மணி நேரம் நிற்கின்றனர்? எவர் எப்போது நீர் அருந்துகின்றனர்? மருந்து தெளிப்பவர் யார்? கிளினிக்குக்கு ஒழுங்காகச் செல்பவர் யார்? இவற்றை அறிந்தவர் கிராமத்தவரே. அவர்களைத் தகவல் தருபவராக மட்டும் வைத்துக்கொள்ளாது, வினாவை வகுப்பவராகவும் ஏற்றிருந்தால் இவ்விலக்கங்கள் உயிர்பெற்றிருக்கும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனை என்பாரும் உளர். அவர்கள் மத்திய அமெரிக்காவை நோக்குவாராக. அங்கும் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடையே இதனையொத்த சிறுநீரக நோய் பரவிற்று. நிக்கராகுவா நாட்டின் சிச்சிகல்பா என்னும் ஊரிலே, நோயுற்றுத் தொழிலிழந்த கரும்புத் தொழிலாளர் சங்கமாக ஒன்றுகூடினர். அவர்கள் உழைத்த தோட்டத்துக்கு உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனமொன்று கடன் வழங்கியிருந்தது. அதனைச் சுட்டிக்காட்டி 2008இல் அக்குழுமத்தின் முறைப்பாட்டு அலுவலகத்திடம் அவர்கள் நியாயங் கேட்டனர். தொழிலாளரும் கம்பனியும் ஒரே மேசையில் அமர்ந்தனர். இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட பொஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளரிடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. அதாவது, தம்மை ஆராய்வோரைத் தெரிவு செய்வதிலே நோயாளருக்கும் குரல் இருந்தது. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே நோயுற்றோர் குடும்பங்களுக்கு உணவுதவி பற்றிய பேச்சும் நடந்தது. காரணம் முற்றாக நிறுவப்படவில்லை. எனினும், கொடும் வெயிலில் ஓய்வின்றி உழைத்தல் பற்றிய ஐயம் வலுப்பெற்றது. நீர், ஓய்வு, நிழல் ஆகிய மூன்றையும் தொழிலாளருக்கு உறுதிப்படுத்தும் முயற்சிகள் மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களிலே பின்னர் தொடங்கின. எழுத்தறிவு குறைந்த கரும்புத் தொழிலாளராற் சாதிக்க முடிந்ததை, எழுத்தறிவிற் பெருமை கொள்ளும் நமது நாட்டு விவசாயியாற் சாதிக்க முடியாதா?

விடை எங்கே போகிறது?

இனி, விடை பற்றிய வினா. ஆய்வு முடிந்ததும் கட்டுரை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு வெளிநாட்டுச் சஞ்சிகையில் அச்சேறுகிறது. ஆய்வாளர் பதவி உயர்வு பெறுகிறார். பல்கலைக்கழகம் தனது அறிக்கையில் ஓர் இலக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது. குருதி கொடுத்தவர் மட்டும், தமது குருதியிலே காணப்பட்டது யாதென அறியாதவராகவே வாழ்கின்றார்.

இதற்கு ஒரு நியாயமும் கூறப்படுகின்றது. பாமர மக்களுக்குப் புள்ளிவிவரம் விளங்காது. அரைகுறையாக விளங்கினால் பீதி உண்டாகும். ஆதலின் முடிவுகளைச் சொல்லாதிருப்பதே அவர்களுக்கு நன்மை என்பது அந்நியாயம். வெளித்தோற்றத்தில் இது கருணை போலத் தெரியும். உண்மையில் இது அவமதிப்பேயாகும். குளத்து நீரின் மட்டத்தைப் பார்த்துச் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் நீர் விடலாம் எனக் கணக்கிட்டுக் கூட்டத்தில் வாதிடுபவன் விவசாயி. மழை பொய்த்தால் என்ன, பிந்தினால் என்ன என நிகழ்தகவைக் கருத்திற்கொண்டே அவன் ஒவ்வொரு போகத்திலும் கடன்படுகின்றான். இத்தகையவனுக்கு நூற்றுக்குப் பதினைந்து என்பதன் பொருள் விளங்காது என்போர், தமக்கு அதனை விளக்கத் தெரியாமையை அவன்மீது சுமத்துகின்றனர்.

பீதி என்பது அறிவிலிருந்து பிறப்பதன்று, மௌனத்திலிருந்து பிறப்பது. அறிவாளர் வாய்மூடியிருக்கும் இடத்திலே வதந்தி வாய் திறக்கும். வதந்தியைத் தொடர்ந்து வியாபாரியும் அரசியல்வாதியும் வருவர். சிறுநீரக நோய் விடயத்தில் நிகழ்ந்தது இதுவே. ஆண்டுக்கொரு காரணம் பத்திரிகைத் தலைப்பாக வந்து மறைந்தது. தான் குடிக்கும் நீரிலே நச்சு எவ்வளவு, அது எதனால் வந்தது என்பதைப் பொறுமையாகச் சொல்ல எவருமில்லாத நிலையில், விவசாயி எதை நம்புவான்?

மறுபுறத்தே வேறொரு சாராருமுளர். மக்கள் சொல்வதே உண்மை, விஞ்ஞானம் ஆதிக்கத்தின் கருவி என்பது அவர்தம் கோஷம். இவர்களையும் நாம் ஏற்பதற்கில்லை. கிளைபோசேற்று என்னும் களைகொல்லியே நோய்க்குக் காரணம் என்ற கருத்துப் பரவியபோது, 2015இல் அரசாங்கம் அதனைத் தடைசெய்தது. அத்தொடர்பு ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படுமுன்னரே அத்தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்குமெனத் தடை தளர்த்தப்பட்டது. தளர்த்துவதற்குக் காரணமாயிருந்தது சிறுநீரகம் பற்றிய புதிய அறிவன்று, பயிர்ச்செய்கையின் நெருக்கடி. தடை விதித்தபோதும் தளர்த்தியபோதும் நோயுற்ற விவசாயியிடம் ஆதாரம் இதுவென எடுத்துக்கூறி விளக்கினோர் எத்தனை பேர்? விவசாயியின் ஐயம் மதிக்கத்தக்கது. அதனை மதிக்கும் முறை, அதனைச் சோதித்து அவனுக்கே முடிவைச் சொல்வதாகும். அதற்கு முகத்துதி செய்து வாக்காக மாற்றிக்கொள்வதன்று. மக்களைப் புறக்கணிக்கும் நிபுணனும், மக்களைப் புகழ்ந்து ஏமாற்றும் அரசியல்வாதியும் ஒரு விடயத்தில் ஒற்றுமையுடையவர்கள்: இருவருமே ஆதாரத்தை மக்களின் கையிற் கொடுப்பதில்லை.

மருத்துவ ஆய்வின் ஒழுக்கவிதிகளை வகுத்த ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் உருவானது. ஆய்வுக்குட்பட்டோர் அதன் பொதுவான முடிவுகளை அறிந்துகொள்ளும் வாய்ப்பைப் பெறவேண்டும் என்பதை அதன் 2013ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாகவே கூறுகின்றது. 2024ஆம் ஆண்டுத் திருத்தமோ ‘ஆய்வுக்குட்பட்டோர்’ என்ற சொல்லையே நீக்கி, ‘பங்குபற்றுவோர்’ என்ற சொல்லைக் கையாண்டுள்ளது. ஆய்வின் முன்னும் பின்னும் இடையிலும் சமுதாயத்தோடு கலந்துறவாட வேண்டும் எனவும் வற்புறுத்துகிறது. சொல் மாறிவிட்டது, நன்று. உறவு மாறியுள்ளதா என்பதே கேள்வி.

இடையில் நோயாளியின் நிலை

மூன்றாவது வினாவே மிகக் கடுமையானது. ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், தஸ்கீகீ என்னுமிடத்தைச் சூழ்ந்த வறிய கறுப்பின மக்களிடையே 1932இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சேவை ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிபிலிசு என்னும் மேகநோயால் பீடிக்கப்பட்ட 399 ஆண்களும், நோயற்ற 201 ஆண்களும் அதிற் சேர்க்கப்பட்டனர். சிகிச்சையின்றி விட்டால் நோய் எவ்வாறு முற்றும் என்பதைக் கவனிப்பதே நோக்கம். 1940களில் பெனிசிலின் இந்நோய்க்குச் சிறந்த மருந்தென நிறுவப்பட்ட பின்னரும் அது அவர்களுக்கு வழங்கப்படவில்லை. 1972இல் பத்திரிகைகள் அம்பலப்படுத்திய பின்னரே ஆய்வு நிறுத்தப்பட்டது.

இக்கொடுமையை நாம் நினைவுகூர்வது வெள்ளை இனவாதத்தைக் கண்டிப்பதற்காக மட்டுமன்று. அவ்வாய்விலே ‘சமுதாய ஒத்துழைப்பு’ நிறையவே இருந்தது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். அப்பகுதி மக்கள் நன்கறிந்த தாதியொருவர் இருந்தார். சூடான உணவு வழங்கப்பட்டது. ஈமச்சடங்குக்குப் பணமும் வழங்கப்பட்டது. இன்று நாம் பெருமையோடு பட்டியலிடும் அம்சங்கள் பலவும் அங்கிருந்தன. இல்லாதிருந்தது ஒன்றே: நோயாளியின் நலமே முதலாவது என்ற எண்ணம். சமுதாயத்தின் நம்பிக்கையைப் பெறுதல் வேறு. அந்நம்பிக்கைக்கு உண்மையாயிருத்தல் வேறு.

நமது நாட்டில் அத்தகைய கொடுமை நிகழவில்லை என ஆறுதலடையலாம். ஆயினும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின்னர் நிகழ்ந்தவற்றை மறத்தலாகாது. உற்றாரை இழந்து முகாம்களிலே இருந்தவர்களிடம் வினாக்கொத்துகளோடு ஆய்வாளர் பலர் வந்திறங்கினர். உளவடுவை அளவிட்டுச் சென்றோர் பலர்; அதனை ஆற்ற இருந்தோர் சிலர். வானிலிருந்து பரசூட்டில் இறங்கித் தரவுகளோடு மறையும் ஆய்வு என இதனை இலங்கை வைத்தியர்களே கண்டித்தமை இங்கு நினைவுகூரத்தக்கது.

இதற்கு நேர்மாறான மரபொன்றும் நம்மிடமுண்டு. 1926இல் களுத்துறையிலே இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. அதன் வழியிலேயே சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவமாது ஆகியோரைக் கொண்ட அமைப்பு நாடெங்கும் பரந்தது. மருத்துவமாது வீடு வீடாகச் சென்று கர்ப்பிணித் தாய்மாரைப் பதிவேட்டில் எழுதினாள், பிறப்பைக் குறித்தாள், குழந்தையின் நிறையை நிறுத்தாள். அவளும் தரவுகளையே சேகரித்தாள். ஆனால், கணக்கெடுத்தவளும் கவனித்தவளும் ஒருத்தியே. நிறை குறைந்த குழந்தையைக் கண்டால் அது அவளுக்கு ஓர் இலக்கமன்று. மறுநாள் மீண்டும் செல்லவேண்டிய வீடு. தாய்சேய் மரணங்களைக் குறைப்பதில் இலங்கை பெற்ற வெற்றியிலே இம்மரபுக்குப் பெரும் பங்குண்டு. 1978இல் அல்மா-ஆட்டா மகாநாடு, தமது சுகாதாரத்தைத் திட்டமிடுவதில் பங்குகொள்ளுதல் மக்களின் உரிமையும் கடமையும் என்று பிரகடனஞ் செய்தபோது, அதன் ஒரு கூறு இங்கு ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. இன்றைய ஆய்வு, கணக்கெடுப்பவரையும் கவனிப்பவரையும் பிரித்துவிட்டது. பிரித்தபின், கவனிப்பவருக்கு நிதியில்லை, கணக்கெடுப்பவருக்குப் பொறுப்பில்லை.

நலம் என்பது நோயின்மை மட்டுமன்று என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பே கூறுகின்றது. சிறுநீரக நோயாளியின் குருதியிலுள்ள கிரியற்றினினை அளவிடும் ஆய்வாளர், அவன் நிலத்தை ஈடுவைத்தமையையும், அவன் மனைவி கூலி வேலைக்குப் போவதையும், கிராமத்தில் நிறுவப்பட்ட சுத்திகரிப்பு நிலையத்தில் குடிநீரை விலைக்கு வாங்க வேண்டியிருப்பதையும் அளவிடுவதில்லை. நோயாளி வாழ்வது இவற்றோடுதான்.

மொழியும் மாணவரும்

தமிழிலே இவற்றையெல்லாம் விளக்க முடியாது, கலைச்சொற்களில்லை என்ற சாட்டும் நெடுங்காலமாகக் கேட்கின்றது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழ் மாணாக்கருக்கு மருத்துவங் கற்பித்தார். 1860களில் தமிழையே போதனாமொழியாக்கினார். ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அம்முயற்சியிலே தமிழில் வெளிவந்தன. சத்திர சிகிச்சையையும் இரசாயனத்தையும் அக்காலத்திலேயே தமிழிற் கூற முடிந்ததெனில், ஓர் ஆய்வின் முடிவை இரண்டு பக்கங்களில் இன்று கூற முடியாதா? குறை மொழியிலன்று, மனத்திலேயே உள்ளது.

ஒப்புதற் படிவங்களைப் பாருங்கள். ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த அத்தமிழ், பட்டதாரிக்கே விளங்குவதில்லை. விளங்காத தாளிற் பெறப்படும் கையொப்பம் சம்மதமாகாது. அது ஆய்வாளரைக் காப்பாற்றும் கவசம் மட்டுமே.

கலைப்பீடத்தாருக்கு இதில் என்ன வேலை எனக் கேட்கலாம். நோய் உடலில் உண்டாகின்றது. ஆனால் நோயாளி சமூகத்தில் வாழ்கின்றான். சமூகவியல், பொருளியல், புவியியல், மொழியியல் ஆகியவற்றைக் கற்போரின்றி நோயாளியின் வாழ்வை ஆராய்தல் இயலாது. அதே வேளை, நமது பீடங்களும் குற்றமற்றவையல்ல. தோட்டத்து லயங்களிலும் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் திரட்டிய தகவல்களைக் கொண்டு எழுதப்பட்ட ஆய்வேடுகள் நூலக அடுக்குகளிலே தூசு படிந்து கிடக்கின்றன. தகவல் தந்த தோட்டத் தொழிலாளியின் கைக்கு அவற்றின் ஒரு பக்கமேனும் சென்றதா? கொழுந்து பறித்துக் கொடுத்தபின் தேயிலையின் விலையை அறியாதிருப்பது அவருக்குப் பழகிப்போன ஒன்று. அறிவுத் துறையிலும் அதே முறையைத் தொடர்வது நமக்கு அழகன்று.

செய்யத்தக்கவை

கண்டனத்தோடு நிற்பது எளிது. ஆதலின் சிலவற்றை முன்வைக்கின்றோம். முதலாவதாக, ஆய்வின் வினாவை வகுக்கும்போதே அவ்வூர்க் கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம், நோயாளர் சங்கம் ஆகியவற்றோடு கலந்தாலோசித்தல் வேண்டும்; அவற்றின் வினாக்களுள் ஒன்றேனும் ஆய்வில் இடம்பெறல் வேண்டும். இரண்டாவதாக, பரிசோதனையில் நோயுள்ளவரென அறியப்படும் ஒவ்வொருவரையும் அருகிலுள்ள கிளினிக்கிற் சேர்ப்பிக்கும் பொறுப்பு ஆய்வுத் திட்டத்தின் பகுதியாதல் வேண்டும். மூன்றாவதாக, முடிவுகளை அக்கிராமத்திலேயே கூட்டங்கூட்டி, அம்மக்களின் மொழியிற் சொல்லுதற்கென நிதி ஒதுக்கப்படல் வேண்டும்; ‘எமக்கு இன்னுந் தெரியவில்லை’ என்பதும் சொல்லத்தக்க முடிவே. நான்காவதாக, மக்களிடமிருந்து தகவல் பெற்று எழுதப்படும் எந்த ஆய்வேடும், அம்மக்களுக்கென எழுதப்பட்ட சுருக்கமொன்று இன்றி ஏற்கப்படலாகாது. இவ்விதி மருத்துவ பீடத்துக்கும் கலைப்பீடத்துக்கும் பொதுவானதாகும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு பிடிக்காது. ஆய்வாளரின் நேரமும் பணிவுமே வேண்டும். கையை நீட்டிக் குருதி கொடுத்தவன் நமக்குக் கடன் கொடுத்தவன். இந்நாட்டின் இலவசக் கல்வியிலே நாம் கற்பதும் அவனது உழைப்பினாலேயே. எனவே அவனுக்கு நாம் இருமடங்கு கடன்பட்டுள்ளோம். அக்கடனைத் தீர்க்காத ஆராய்ச்சி எத்தனை சஞ்சிகைகளில் அச்சேறினாலும், அதனை மக்கள் ஆராய்ச்சி என்று அழைக்க எவருக்கும் உரிமையில்லை.